ஏலத்தில் மூன்று விநாடி

பெனீஷ் துறைமுகத்தில் மீன் விலை ஏறுவதில்லை, இறங்கும்.
பலகையில் சிவப்பு எண்கள்
படியில் உருளும் சில்லறைபோல் கீழே வர வர
முதலில் பொத்தானை அமுக்கும் கைக்கே மத்தி.
முந்தினால் நஷ்டம். பிந்தினால் வெறுங்கூடை.
நடுவே இருக்கும் மூன்று விநாடியில்தான்
பல வீட்டு உலை கொதிக்கிறது.

ஜெனொவேவாவின் பொத்தான்
மூன்று வாரமாய் அந்த மூன்று விநாடியில் மட்டும் செத்துப்போனது.
மற்ற நேரமெல்லாம் பச்சை விளக்கோடு சிரித்தது.
'பேட்டரி' என்றார் ஏலக்காரர்.
'ஈரக் கை' என்றான் லாரி வைத்திருக்கும் ஒருவன்.
அவள் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.
நான் இங்கே வலையைப் பராமரிக்கிறவள்.
மீன் வலை அல்ல, கம்பியில்லாதது.
இதைத் தினமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு காலை முழுக்கக் காற்றில் ஓடியதைப் பிடித்துவைத்து
கூடம் கழுவும் நேரத்தில் பிரித்துப் பார்த்தேன்.
ஐந்து நாற்பத்தொன்று. மத்தி தொடங்குகிறது.
ஜெனொவேவாவின் கருவி சொல்கிறது: போகிறேன்.
மறுபடியும்: போகிறேன்.
ஒரே விநாடியில் அறுபத்துநாலு முறை.
ஒரு 'போய் வருகிறேன்' கூட இல்லை.

அவள் எங்கும் போகவில்லை.
மூன்றாம் வரிசையில் ரப்பர் பூட்சோடு நின்று
பொத்தானை இடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வலைக்குச் சட்டம் எழுதியவர்கள்
உள்ளே வரப் பூட்டுமேல் பூட்டு வைத்தார்கள்,
கடவுச்சொல், சாவி, சாவிக்கு ஒரு சாவி.
வெளியே போக மட்டும் எதுவும் கேட்கவில்லை.
போகிறவன் எதற்குப் பொய் சொல்வான் என்று விட்டிருப்பார்கள்.
அதனால் யார் பெயரிலும் யாரும் விடைபெறலாம்.
உயிரோடு நிற்பவளுக்கு
எவனோ இழவு சொல்லி அனுப்பலாம்.
கூரைப் பெட்டி நம்பி, பெயரை அழித்துவிடும்.

ஞாயிறு ஏலம் இல்லை. ஏணி போட்டேன்.
பெட்டி பெட்டியாய் ஏறிச் சொல்லி வந்தேன்:
இனி விடைபெறவும் கையெழுத்து வேண்டும்.
அது இல்லாத 'போகிறேன்' உன் காதில் விழக் கூடாது.
அவள் பெயரில் புதிதாய் யாராவது கதவைத் தட்டினால்
சற்றுப் பொறு என்று நிறுத்து,
உள்ளே திரும்பி அவளிடமே கேள்: இருக்கிறாயா?
'இருக்கிறேன்' என்று பதில் வந்தால்
வாசலில் நிற்பவன் பொய்யன்.

மனிதர்களுக்கும் இதை ஏற்றிவிட முடிந்தால்
என் அக்கா வீட்டில் பாதிச் சண்டை இருக்காது.

முப்பத்தொரு கருவிகளில் நாலுக்குப் பாடம் ஏறவில்லை, பழசு.
நாலில் ஒன்று அவளுடையது.
புதிது வாங்க மேலாளர் ஒலிந்தோ கையெழுத்துப் போட
எட்டு நாள் என்றார்.
கையெழுத்து!
என் சோதனைக் கருவியை அவளிடம் கொடுத்தேன்.

திங்கள், ஐந்து நாற்பத்தொன்று.
'போகிறேன்' மழையாய்க் கொட்டியது.
பெட்டிகள் ஒரு துளிகூட நனையவில்லை.
அவள் பதினாறு கூடை எடுத்தாள்.

வியாழக்கிழமை அவன் பொய்யை விட்டுவிட்டுக்
கத்தத் தொடங்கினான்.
வெறும் இரைச்சல், எல்லா அலைவரிசையிலும்.
முப்பத்தொரு விளக்கும் ஒன்றாய் அணைந்தன,
லாரிக்காரனுடையதும்.
கத்தலை எந்தக் கையெழுத்தும் தடுக்காது,
இதை யாரிடமும் நான் மறைத்ததில்லை.
ஏலத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு
ஒருபக்கம் மட்டும் கேட்கும் ஆன்டெனாவை நீட்டியபடி
பனிக்கட்டித் தட்டுகளுக்கு நடுவே நடந்தேன்.
கடைசியில் ஒரு தெர்மாகோல் பெட்டி.
கணவாயின் கால்களை ஒவ்வொன்றாய் விலக்க
அடியில் பாலிதீனுக்குள் சூடாக ஒன்று.
பெட்டியில் உரிமையாளர் எண் இல்லை.
அன்று யாருக்கும் கணவாய் வேண்டியிருக்கவில்லை.

சுவரோரமாய் இப்போது ஒரு கம்பி இழுத்திருக்கிறேன்,
மூன்றாம் வரிசை வரை, முனையில் ஒரு பொத்தான்.
காற்று கத்தும் நாளுக்கு.

'இதுவும் வலையா?' என்றாள் ஜெனொவேவா.
'இல்லை, தூண்டில்.'
இழுத்துப் பார்த்தாள், பலமாகவே.
பலகையில் நாலு யூரோ இருபது,
நாலு பத்து,


அமுக்கினாள்.